எட்டா, மூன்றா

"அம்மா, இன்னிக்கும் வர்ற வழியெல்லாம் பாத்துக்கிட்டேதான் வந்தேன். கண்ணு எரியுது."

சொல்லிவிட்டு வைத்தியலிங்கம் சுவரோரம் உட்கார்ந்தார்.

விசாலாட்சி அம்மா புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். மறுபடியும் புளிக்குத் திரும்பிவிட்டார்.

சிறுமலை அடிவாரத்தில் நான்குவழிச் சாலையை ஒட்டி இருந்தது அந்த மடம். மடம் என்பது பேருக்குத்தான். ஓர் ஓட்டுக் கட்டடம், ஒரு கிணறு, காய்கறி கொண்டுவர ஒரு பழைய வேன். மனசு சரியில்லாதவர்கள் வருவார்கள். அம்மா பேசினால் கேட்பார்கள். பேசாவிட்டால் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

அம்மா வைத்தியலிங்கத்தைவிட வயதில் இளையவர். அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன பாத்தீங்க அண்ணே?"

"நம்பர் பிளேட்டுதான். வேற என்ன பாக்குறேன் நான்?"

அம்மா அடுத்த புளியை எடுத்தார்.

"ஒருத்தன் பிளேட்டுல சிங்கம் படம். ஒருத்தன் கட்சிக்கொடி நிறத்துல கரை. ஒருத்தன் புள்ளைங்க பேரைப் பெருசா எழுதி, நம்பரை மூலையில எறும்பு மாதிரி வச்சிருக்கான். இன்னொருத்தன் எண்ணையெல்லாம் இங்கிலீஷ் எழுத்து மாதிரி வளைச்சு, 'பாஸ்'னு படிக்கிற மாதிரி பண்ணி வச்சிருக்கான். அது நம்பர்னே தெரியல."

"ம்."

"சொந்த வண்டின்னா வெள்ளைப் பலகை, கறுப்பு எழுத்து. வாடகை வண்டின்னா மஞ்சப் பலகை. நேர் எழுத்து, எல்லாம் ஒரே தடிமன், நடுவுல இடைவெளி. படம் கூடாது, பேரு கூடாது. கழட்ட முடியாத ஆணியோட புதுப் பிளேட்டே குடுக்குறாங்க. அதையும் உடைச்சு எடுத்துட்டு ஸ்டிக்கர் கடைக்குப் போறான். ஒரு சின்ன விஷயம்மா. அடுத்தவன் படிக்கணும். அவ்வளவுதான் கேக்குறாங்க."

குரல் உயரவில்லை. பலமுறை சொல்லித் தேய்ந்துபோன பேச்சு அது.

வைத்தியலிங்கம் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஓய்வு பெற்ற வருஷம், வடமதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அவரும் மனைவி தவமணியும் சாலையைக் கடந்தார்கள். பொழுது சாய்கிற நேரம். ஒரு வெள்ளைக் கார் தவமணியை இடித்துத் தூக்கிப் போட்டது.

கார் நின்றது. உள்ளே இருந்தவர் கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும். பிறகு கிளம்பிப் போய்விட்டது.

நின்ற அந்த நேரத்துக்குள் வைத்தியலிங்கம் பிளேட்டைப் பார்த்துவிட்டார். தங்க நிற எழுத்து. கொடி படர்ந்த மாதிரி சுழித்துச் சுழித்து எழுதியிருந்தது.

காவல் நிலையத்தில் கேட்டார்கள்.

"சார், அது எட்டா, மூணா?"

அவரால் சொல்ல முடியவில்லை.

"இது ஒண்ணா, ஏழா?"

அதுவும் தெரியவில்லை. அந்த மாதிரி எழுத்தில் எந்த எண்ணும் வேறு எந்த எண்ணாகவும் தெரிந்தது. கொஞ்ச நாள் தேடினார்கள். பிறகு, வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

தவமணி பிழைத்துக்கொண்டாள். கால் எலும்பில் கம்பி வைத்தார்கள். தடி ஊன்றி நடக்கிறாள்.

அன்றிலிருந்து வைத்தியலிங்கம் பிளேட் படிக்க ஆரம்பித்தார்.

சுங்கச்சாவடியில் போய் நிற்பார். கல்யாண மண்டப வாசல்களில் நிற்பார். வெள்ளைக் கார் எங்கே நின்றாலும் பின்னால் போய்க் குனிவார். தங்க எழுத்து என்றால் விரலால் தடவிப் பார்ப்பார். ஓட்டுநர்களோடு சண்டை வரும். ஒருத்தன் கன்னத்தில் அறைந்தே விட்டான்.

ஸ்டிக்கர் கடைகளுக்குப் போவார்.

"ஏம்ப்பா, சட்டப்படி எழுத மாட்டியா?"

"சார், வெறும் நம்பர் மொட்டையா இருக்குங்கிறாங்க. ஆசைப்பட்டுக் கேக்கும்போது மாட்டேன்னு எப்படிச் சொல்றது? நான் இல்லன்னா பக்கத்துக் கடையில எழுதிக்குவாங்க."

அவன் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க அவருக்குச் சக்தி இருக்காது. வீட்டுக்கு வந்துவிடுவார். காலையில் மறுபடி கிளம்புவார்.

மடத்துக்கு முதல்முறை வந்தபோது அம்மாவிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"அந்த வண்டி கெடைக்குமா?"

அம்மா ஒரு துணியை நனைத்துக் கையில் கொடுத்தார். "நம்ம வேன் பிளேட்டுல சேறு அப்பியிருக்கு. தொடைச்சிட்டு வாங்கண்ணே."

துடைத்தார். நன்றாக அழுத்தி, எழுத்தின் ஓரமெல்லாம் துடைத்தார். திரும்பி வந்து நின்றார்.

"தொடைச்சிட்டேன்."

"மழை வரப்போவுது," என்றார் அம்மா. "திரும்பச் சேறாகும்."

அன்றைக்கு அவருக்குக் கோபம்தான் வந்தது. இருந்தும் மறுவாரம் வந்தார். ஏன் வந்தோம் என்று அவருக்கே தெரியாது. தவமணியையும் கூட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார். அவள் வாசலில் புங்க மரத்தடியில் உட்கார்ந்துகொள்வாள். உள்ளே வர மாட்டாள். அவர் பேசி முடித்துவிட்டு வந்ததும் இருவரும் பஸ் ஏறுவார்கள். ஜன்னலோரம் அவர் உட்காருவார். அவருக்குப் பிளேட் தெரிய வேண்டும்.

இப்போது சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"எனக்கு முடியலம்மா."

"நிறுத்திருங்களேன்."

"நிறுத்த முடியல. அன்னிக்கு ரெண்டு எழுத்து நேரா இருந்திருந்தா அவன் மாட்டியிருப்பான். அவனைக் கூட விட்டுறலாம். பயந்து ஓடிட்டான்னு வச்சுக்கலாம். ஆனா அந்த எழுத்தை விட முடியல. கண்ணை மூடினா அதுதான் வந்து நிக்குது. எட்டா, மூணா. எட்டா, மூணா."

அம்மா புளித் தட்டைத் தள்ளி வைத்தார்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க," என்றார் வைத்தியலிங்கம். "இனிமே பாக்காதேன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா விட்டுருவேன்."

"நான் சொன்னா விட மாட்டீங்க அண்ணே."

"அப்போ என்னதான் செய்யட்டும்?"

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனார். அணைந்த விறகிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துக்கொண்டு வந்தார். எதிரே பின்கட்டுச் சுவர். புதிதாகச் சுண்ணாம்பு அடித்து வெள்ளை வெளேரென்று இருந்தது.

"வரைங்க."

"எதை?"

"அந்தப் பிளேட்டை."

"இதுலயா? சுவரு வீணாப் போயிரும்மா."

"வரைங்க."

வைத்தியலிங்கம் எழுந்தார். கை தயங்கவில்லை. முதலில் பலகையின் நாலு ஓரம். பிறகு எழுத்துகள். ஒவ்வொரு சுழிப்பும், ஒவ்வொரு கொக்கியும், எழுத்தின் வாலில் தொங்கிய சின்ன இலை வடிவமும். ஒரு தடவைகூட அழிக்கவில்லை. கரி சுவரில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

முடித்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார்.

"நல்ல கைம்மா, இதை எழுதினவனுக்கு," என்றார் மெதுவாக. "இந்த வளைவு லேசுல வராது."

இதை இத்தனை நாளில் அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னதும் இன்னும் அலுப்பாக இருந்தது.

"இப்போ பக்கத்துல அக்கா முகத்தை வரைங்க."

"எந்த அக்கா?"

"வெளிய உக்காந்திருக்காங்களே."

"தவமணியையா? கூப்பிடுறேன், இருங்க."

"கூப்பிட வேண்டாம். அப்படியே வரைங்க. பிளேட்டு மட்டும் என்ன எதிர்லயா இருந்துச்சு?"

வைத்தியலிங்கம் லேசாகச் சிரித்தார். எத்தனை வருஷமாகக் கூட வாழ்கிறவள். சுவர்ப்பக்கம் திரும்பினார். நெற்றியிலிருந்து ஆரம்பித்தார். வகிடு, புருவம், மூக்குத்தி, உருண்ட கன்னம், சிரிக்கப் போகிற மாதிரி இருக்கும் உதடு. கரி ஓடியது. காது மடலுக்கு வந்தபோது ஒருமுறை நின்றது. மறுபடி ஓடியது.

அம்மா வாசலுக்குப் போய்க் குரல் கொடுத்தார்.

"அக்கா, கொஞ்சம் உள்ள வாங்க."

தடியின் சத்தம் முதலில் வந்தது. பிறகு தவமணி வந்தாள். வெளிச்சத்திலிருந்து வந்ததால் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். சுவரைப் பிடித்தபடி பக்கத்தில் வந்து, முதலில் பிளேட்டைப் பார்த்தாள்.

"இதுதானா அது?"

"ஆமா," என்றார் வைத்தியலிங்கம்.

"நான் பாத்ததே இல்ல."

அவருக்கு அது உறைத்தது. ஊரெல்லாம் போய்ச் சொன்னார். காவல் நிலையத்தில் வரைந்து காட்டினார். ஸ்டிக்கர் கடைகளில் வரைந்து காட்டினார். இவளிடம் காட்டியதே இல்லை.

தவமணி எழுத்தின் வாலில் தொங்கிய இலை வரைக்கும் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கு," என்றாள். "இதுக்குத்தான் இப்படி அலைஞ்சீங்களா?"

கேலி இல்லை. கோபமும் இல்லை. சும்மா கேட்டாள்.

பிறகு பக்கத்திலிருந்த முகத்தைப் பார்த்தாள்.

"நம்ம மங்கையையா வரைஞ்சீங்க?"

மங்கை அவர்களுடைய மகள். கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

"இல்ல," என்றார் வைத்தியலிங்கம். "உன்னைத்தான்."

"என்னையா?"

தவமணி தடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். வலது கையால் தன் கன்னத்தைத் தொட்டாள்.

"எனக்கு ஏதுங்க இவ்வளவு கன்னம்? இந்தப் பக்கம் பல்லு நாலும் போனதுல உள்ள ஒட்டிப் போச்சே."

"பல்லா? எப்போ?"

கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

"அன்னிக்குத்தான். அந்த வண்டியில. எல்லாரும் காலையே பாத்தாங்க. இது அப்படியே கெடந்துச்சு. இந்தப் பக்கம் மெல்ல முடியாது. கஞ்சியாத்தானே குடிக்கிறேன். நீங்க கவனிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

வைத்தியலிங்கம் அவள் முகத்தருகே குனிந்தார்.

ஒரு பக்கக் கன்னம் குழிந்திருந்தது. அதனால் உதடு கொஞ்சம் கோணி இழுத்திருந்தது. புருவத்துக்கு மேலே தையல் போட்ட கோடு. மூக்குத்தி இருந்த இடம் தூர்ந்துபோயிருந்தது. காதோரம் முடி முழுக்க வெளுத்துவிட்டது. எல்லாம் அவர் எதிரிலேயே, தினமும், பகல் வெளிச்சத்தில் இருந்தவைதான்.

வெளியே சாலையில் வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன.

அவர் உள்ளங்கையால் சுவரில் இருந்த முகத்தை அழிக்க ஆரம்பித்தார். சுண்ணாம்போடு சேர்ந்து கரி சாம்பலாகப் பரவியது. அழித்து முடித்து வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். கரித்துண்டை எடுத்தார். நெற்றிக்கு ஒரு கோடு இழுத்தார். அது கோணலாகப் போயிற்று. அதையும் அழித்தார்.

"நாப்பது வருஷம் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்த கை," என்றார். "வரமாட்டேங்குது."

அம்மா முக்காலி ஒன்றைக் கொண்டுவந்து தவமணிக்குப் பின்னால் போட்டார். ஜன்னல் கதவைத் திறந்துவிட்டார். புளித் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

தவமணி உட்கார்ந்தாள். தடியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு," என்றார் வைத்தியலிங்கம். "அவசரமா வரைஞ்சா தப்பாயிருது."

"மெதுவாவே வரைங்க," என்றாள் தவமணி. "நான் எங்கயும் போயிரல."