காசிச் சொம்பு

"ஏரிக்கு வர்ற தண்ணிய எவனோ மறிச்சுட்டான். அவன் நல்லா இருப்பானா?"

கங்கைகொண்ட சோழபுரத்து ஏரிக்கரையில் நின்று கத்தினாள் பூங்காவனம். வேரோடு பிடுங்கிய நெற்பயிர் அவள் கையில் வைக்கோலாய்க் கிடந்தது.

கேட்டுக்கொண்டு நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் குரு. மற்றவர் வைத்திலிங்கம். குருவைவிட வயதில் மூத்த சீடர். சோழர் தலைநகரைப் பார்க்க வருகிறவர்களுக்காக விடுதி கட்டியிருந்தார். அன்று திறப்பு விழா.

"வாங்க சுவாமி, நல்ல நேரம் போயிடும்."

"அந்த அம்மா கேக்குது. பதில் சொல்லிட்டு வாங்க."

"என்னையா கேக்குது?"

"வாய்க்கால் ஓரமாத்தான் நடந்து வந்தேன். தண்ணி நல்லாத்தான் வருது. உங்க விடுதிச் சுவர்ல முட்டி, காட்டுப் பக்கம் திரும்பிப் போகுது."

பூங்காவனம் திரும்பினாள். "அட, நீதானா அது? வெள்ளைச் சட்டையப் பாத்துட்டு நானும் கும்பிடு போட்டுட்டேனே!"

"பழைய வாய்க்கால், சுவாமி. வெறும் முள்ளுதான் கிடந்துச்சு."

குரு கையை நீட்டினார். "சொம்பைக் கொடுங்க."

வைத்திலிங்கத்தின் கையில் இருந்தது காசிச் சொம்பு. புது வாசலில் தெளிக்கவென்று வைத்திலிங்கம் தானே காசிக்குப் போய்க் கொண்டுவந்த கங்கைத் தீர்த்தம். குரு அதைக் கல்லில் தட்டி அடைப்பை உடைத்தார். கரையிறங்கிப் போய், காய்ந்த ஏரியில் கவிழ்த்தார். வெடிப்பு ஒரே மடக்கில் குடித்துவிட்டது.

"ஐயோ! என் கங்கை!"

"ராஜாவும் கங்கையைத்தான் கொண்டுவந்தான். ஜெயிச்சதுக்கு அடையாளமா ஏரி வெட்டினான். நீங்க என்ன வெட்டினீங்க?"

"ஏரி பேரைத்தானே விடுதிக்கு வச்சிருக்கேன்? சோழகங்கம்னு, இங்கிருந்தே தெரியும் பாருங்க."

"பேரை வச்சு நாத்து நட முடியுமா?" என்றாள் பூங்காவனம்.

வைத்திலிங்கம் இறங்கி வந்தார். "சரி, சுவருக்கு அடியில ஒரு குழாய் போட்டுடறேன்."

"எவ்வளவு பெருசு?"

வைத்திலிங்கம் விரல்களை வளைத்து வட்டம் காட்டினார்.

"வாய்க்காலே அவ்வளவுதானா?" என்றார் குரு.

வட்டம் கொஞ்சம் பெரிதானது. குரு தலையை ஆட்டினார். இன்னும் பெரிதானது.

"அதுக்கு மேல சுவர் தாங்காது சுவாமி."

"தாங்க வேணாம்."

"அடுத்த மாசம் பாத்துக்கலாமே?"

"என் பயிருகிட்ட சொல்லு," என்றாள் பூங்காவனம். "சரின்னா எனக்கும் சரி."

"சுவாமி, நாலு ஊர்லேர்ந்து ஆளுங்க வந்திருக்காங்க. இன்னைக்கா சுவரை இடிக்கிறது? நீங்க வந்து வாசல்ல காலடி வச்சா போதும்."

குரு ஏரிக்கு நடுவில் போய் உட்கார்ந்தார். காலிச் சொம்பை எதிரே வைத்தார்.

"வந்த ஆளுங்க கையில கடப்பாறையைக் கொடுங்க. சுவரை உடைச்சுத் தண்ணிய விடுங்க. இந்தச் சொம்பு மிதக்கட்டும், நான் எழுந்திருக்கிறேன்."