வாய் நிறைய நல்லெண்ணெய்

நம் தாத்தாவின் தாத்தாவுக்கே தாத்தா பிறக்காத காலம் அது. கொன்றைநகர் என்று ஓர் ஊர். அந்த ஊரில் ஒரு பெரிய வைத்தியசாலை. காய்ச்சல் வந்தால் பரதேசியும் அங்கேதான் வருவான், அரசனும் அங்கேதான் ஆளனுப்புவான். அந்தச் சாலையின் தலைவர் பெயர் அளகேசர்.

அளகேசர் கெட்டிக்காரர். இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்வார். ஆனாலும் பொய் இல்லை. நோயாளி எதிரே வந்து உட்கார்ந்தால் மனிதர் தன் கதையைப் பேசவே மாட்டார். எங்கே வலி, எப்போது தொடங்கியது, நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார். அவன் புலம்பி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருப்பார். பிறகுதான் மருந்துப் பெட்டியைத் தொடுவார்.

வேலை கேட்டு ஒருவன் எதிரே வந்து உட்கார்ந்தால் மட்டும் கதையே வேறு.

"விடாத காய்ச்சல் என்றால் முதலில் என்ன பார்ப்பாய்?" என்று கேட்பார். வந்தவன் வாயைத் திறப்பதற்குள், "நாடி பார்ப்பாய், அப்படித்தானே?" என்பார்.

"ஆமாம் ஐயா."

"நாடி பார்த்துவிட்டு நாக்கைப் பார்ப்பாய்."

"ஆமாம் ஐயா."

அதற்கப்புறம், யானைப்பாகனின் பாம்புக்கடியைத் தான் குணப்படுத்திய கதையைத் தொடங்குவார். நல்ல கதைதான். முடியத்தான் நேரமாகும். முடிந்ததும் வெளியே வந்து, தன் மனைவி செங்கமலத்திடம் சொல்வார்: "அடேயப்பா, என்ன ஞானம்! நான் சொன்னது அத்தனையும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது!"

சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார்.

எல்லையில் முல்லைக்கோட்டை என்று ஒரு கோட்டை. அங்கே வீரர்களைப் பார்த்துக்கொள்ள வைத்தியரை அனுப்புவது பரம்பரையாக இந்தச் சாலையின் பொறுப்பு. பழைய வைத்தியருக்கு வயதாகிவிட்டது. அளகேசர் புதிதாக ஆள் பார்த்தார்.

முதலில் எடுத்தவன் வாட்டசாட்டமானவன், கணீரென்று குரல். அவனைப்போல் "ஆமாம் ஐயா" சொல்ல நாட்டில் ஆள் இல்லை. கோட்டைக்குப் போனான். அம்பு பட்ட வீரன் ஒருவனைத் தூக்கி வந்தார்கள். ரத்தத்தைப் பார்த்ததும் வைத்தியன் மயங்கி விழுந்தான். விழுந்தவன் அந்த வீரன் மேலேயே விழுந்தான்.

இரண்டாவது எடுத்தவன் அளகேசரின் ஆசிரியர் ஒருவரிடமே படித்தவன். ஆசிரியர் வீட்டு மாமரத்தைப் பற்றியே இருவரும் பேசினார்கள். பேச்சு முடிந்தது, வேலையும் கிடைத்தது. அவன் கோட்டைக்குப் போய், எல்லோருக்கும் உடம்பைச் சுத்தம் செய்கிறேன் என்று படை முழுவதற்கும் பேதி மருந்து கொடுத்தான். மறுநாள் எதிரி வந்தபோது படை புதருக்குள் இருந்தது. எதிரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே திரும்பிப் போய்விட்டதால் கோட்டை தப்பித்தது.

அரசன் சிரிக்கவில்லை. ஒரு குதிரை வீரனை அனுப்பினான்.

"இன்று பொழுது சாய்வதற்குள் என்னோடு ஒரு வைத்தியரை அனுப்ப வேண்டும். அவரும் இந்த ரகம்தான் என்றால், அரண்மனை வேலை இனி ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் வைத்தியசாலைக்கு. இது அரசர் சொன்னது" என்று சொல்லிவிட்டு அவன் வாசலிலேயே குதிரையைக் கட்டினான்.

அரண்மனை வேலை போனால் சாலையை மூட வேண்டியதுதான். மருந்து இடிப்பவர்கள் வீட்டு அடுப்பும் அணையும். போதாக்குறைக்கு, அளகேசருக்கு நான்கைந்து நாளாக வலது பக்கம் பல்வலி வேறு. கடைவாய்ப்பல் சொத்தை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, தனக்குத் தானே மருந்தும் போட்டுக்கொண்டிருந்தார். வலி கூடிக்கொண்டே போனது.

செங்கமலம் கிராம்பு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைக் கொண்டுவந்து, அவர் வாயைத் திறக்கச் சொல்லி நிறைய ஊற்றினாள்.

"அப்படியே வைத்திருங்கள். விழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது."

அளகேசர் வாசலைக் காட்டினார். வேலை கேட்டு மூன்று பேர் வந்து காத்திருந்தார்கள்.

"தெரியும். நான் கேட்கிறேன், நீங்கள் உட்கார்ந்து கேளுங்கள்" என்றாள். அறைக்குள் போகும் முன் மெதுவாக, "நோயாளியைக் கேட்காமல் ஒரு நாளாவது மருந்து கொடுத்திருக்கிறீர்களா? இவர்களை மட்டும் ஏன் கேட்காமலே அனுப்புகிறீர்கள்?" என்றாள். பதில் சொல்ல அளகேசருக்கு வாய் இல்லை. வாயில் எண்ணெய் இருந்தது.

முதலாமவன் வந்தான். பட்டுத் துண்டு, சந்தனப் பொட்டு, பார்த்தாலே வைத்தியன். அளகேசருக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது.

செங்கமலம் கேட்டாள்: "உங்கள் கையில் தேறாமல் போன ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லுங்கள்."

"என் கையில் இதுவரை ஒருவரும் இறந்ததில்லை அம்மா!"

பிரமாதம் என்று சொல்ல அளகேசர் துடித்தார். எண்ணெய் விடவில்லை. செங்கமலமும் ஒன்றும் சொல்லவில்லை. அறை அமைதியாக இருந்தது. அந்த அமைதி வந்தவனுக்குத் தாங்கவில்லை.

"அதாவது... தேறாது என்று தெரிந்தால் வேறு வைத்தியரிடம் அனுப்பிவிடுவேன்" என்றான். இன்னும் யாரும் பேசவில்லை. "சில பேர் வழியிலேயே போய்விடுவார்கள். அது என் கணக்கில் வராது."

அளகேசர் கண்ணை அகல விழித்தார்.

இரண்டாமவன் வந்தான். அளகேசரின் சொந்த ஊர்க்காரன், கையில் ஊர்ப் பலாப்பழம். "ஐயா, நம்ம ஊர்க் குளம் இந்த வருஷம் நிறைந்துவிட்டது" என்றான். அளகேசருக்குக் கண் கலங்கிவிட்டது. குளத்தைப் பற்றிப் பேச அவரிடம் ஒரு நாளுக்கான கதை இருந்தது. எல்லாவற்றையும் எண்ணெயோடு சேர்த்து அடக்கிக்கொண்டார்.

செங்கமலம் அதே கேள்வியைக் கேட்டாள். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

"ஒரு வணிகர் இறந்தார். அவர் பத்தியம் இருக்கவில்லை" என்றான். அறையில் அமைதி. "அவர் மனைவியும் சரியில்லை." மறுபடி அமைதி. "மருந்து இடித்தவனும் சரியாக இடிக்கவில்லை. அந்த வருஷம் மழையும் அதிகம்."

அவனைத் தவிர எல்லோரும் குற்றவாளிகள். பலாப்பழம் ஒன்றுதான் மிச்சம்.

மூன்றாவதாக ஒரு பெண் வந்தாள், பெயர் வேம்பி. சேறு ஒட்டிய கால், முகத்தில் ஒரு கடுகடுப்பு. வணக்கத்தைக்கூட ஏதோ வேலை முடிப்பதுபோல் வைத்தாள். அளகேசருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. வாய் காலியாக இருந்திருந்தால் பாகன் கதையைப் பாதி சொல்லி அனுப்பியிருப்பார்.

அதே கேள்வி.

வேம்பி சொன்னாள்: "ஒரு குயவரின் மகள். காய்ச்சல் என்று தூக்கிவந்தார்கள். வாசலில் கூட்டம், எனக்கு அவசரம். நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் கஷாயம் கொடுத்தேன். போர்வையை விலக்கிக் காலைப் பார்க்கவில்லை. காலில் முள் குத்திச் சீழ் பிடித்திருந்தது. அந்தக் குழந்தை ஏதோ சொல்ல வந்தது, நான்தான் கேட்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டது."

மடியிலிருந்த மருந்துப் பையின் முடிச்சைத் தொட்டுக்கொண்டே சொன்னாள்: "தப்பு என்னுடையது. அன்றிலிருந்து, நோயாளி சொல்லி முடிக்காமல், தலை முதல் கால் வரை பார்க்காமல் மருந்துப் பையை அவிழ்ப்பதில்லை."

அறை அமைதியாக இருந்தது. வேம்பி அந்த அமைதியை நிரப்ப முயலவில்லை. எதிரே இருந்தவரை உற்றுப் பார்த்தாள்.

"ஐயா, உங்கள் வலது கன்னம் வீங்கியிருக்கிறது. எண்ணெயைத் துப்பிவிட்டு வாயைத் திறங்கள்."

அளகேசர் அவசரத்தில் அவள் காலிலேயே துப்பினார்.

"கால் இருக்கும் இடத்தைப் பார்த்துத் துப்பக் கூடாதா?" என்று வேம்பி ஒரு அதட்டு அதட்டினாள். பிறகு, "எப்போதிலிருந்து வலி? அன்று என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டாள்.

"இது கடைவாய்ப்பல் சொத்தை. எப்படி வந்ததென்றால்..."

"அதைக் கேட்கவில்லை. என்ன சாப்பிட்டீர்கள்?"

அளகேசர் யோசித்தார். "மீன் குழம்பு."

அவள் ஈறை விலக்கிப் பார்த்து, ஒரு சிறு இடுக்கியால் எதையோ பிடித்து இழுத்தாள். சின்ன மீன்முள். பல்லில் ஒரு குறையும் இல்லை.

அளகேசர் அந்த முள்ளைக் கையில் வாங்கிப் பார்த்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. வாய் இப்போது காலி, பேசியிருக்கலாம். ஆனால் குயவர் மகளைப் பற்றி அவள் சொன்னது இன்னும் காதில் இருந்தது. "போய் வா அம்மா, வாசலில் குதிரை நிற்கிறது" என்று மட்டும் சொன்னார்.

கோட்டைக்குப் பெண்ணா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கும் நிலையில் கோட்டை இல்லை. வேலை கேட்டு வந்த மற்ற இருவரையும் மரியாதையாக வழியனுப்பினார்கள். பலாப்பழத்தைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டார்கள்.

மழைக்காலம் கழிந்ததும் அரசனிடமிருந்து ஆள் வந்தான். அளகேசர் செருப்புக்கூடப் போடாமல் வாசலுக்கு ஓடினார்.

"புது வைத்தியர் மேல் தளபதி புகார் சொல்கிறார். தும்மினால்கூட நிற்க வைத்து ஆயிரம் கேள்வி கேட்கிறாராம். அதட்டுகிறாராம். காலைக் காட்டச் சொல்கிறாராம்."

"வீரர்கள்?" என்றார் அளகேசர்.

"நன்றாக இருக்கிறார்கள். இந்த மழையில் ஒருவரும் சாகவில்லை. அரண்மனை வேலை உங்களுக்கே என்று அரசர் சொல்லச் சொன்னார்."

அளகேசர் உள்ளே போய்ச் செங்கமலத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார்.

அதற்குப் பிறகு அந்தச் சாலையில் ஒரு வழக்கம் வந்தது. வேலைக்கு ஆள் பார்க்கும் நாளில், தலைவர் வாய் நிறைய நல்லெண்ணெய் வைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். பாகன் கதையை அளகேசர், ஆள் வேலையில் சேர்ந்த பிறகுதான் சொல்வார். அப்போது தப்பிக்க வழியில்லை.

கேட்டீர்களா? வேலைக்கு ஆள் எடுப்பவர் தன் பேச்சை நிறுத்தி, வந்தவர் முன்பு என்ன செய்தார் என்பதைப் பொறுமையாகக் கேட்டால்தான் நல்ல ஆள் கிடைப்பார்.