தெற்கு வாசலைச் சாத்திய சிப்பாய்

வெகு காலத்துக்கு முன்னே, தென்மலை நாட்டை நெடுமுடி ராஜா என்று ஒருவர் ஆண்டு வந்தார். தங்கமான மனசுதான். ஆனால் எந்த நேரத்தில் என்ன சட்டம் போடுவார் என்று அவருக்கே தெரியாது.

ஒரு நாள் அவருடைய படையில் பத்துப் பேருக்குத் தலைவனாக இருந்தவன் நாலு படி ஏறி வந்ததற்கே மூச்சு வாங்க நின்றான். ராஜா கொடுத்த ஓலையைப் படிக்கத் தெரியாமல் பக்கத்தில் நின்றவனிடம் நீட்டினான். ராஜாவுக்கு வந்ததே கோபம்! அவன் பதவியை அங்கேயே பறித்தார்.

"இனிமேல் படிப்பும் வேண்டும், ஓட்டமும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாதவனுக்கும் என் படையில் பதவி உயர்வு கிடையாது!"

சேனாபதி சண்டப்பிரதாபருக்குத் தலை சுற்றியது. காலியான அந்தப் பதவியை மனைவியின் தம்பி புஜங்கனுக்கு வாங்கித் தருவதாக வீட்டில் சொல்லி வைத்திருந்தார். "இல்லாவிட்டால் வீட்டுப் பக்கம் வராதீர்கள்" என்று அந்த அம்மாளும் சொல்லி வைத்திருந்தாள்.

அதே பதவிக்கு இன்னொருவனும் வந்து நின்றான். எல்லைக் கோட்டையில் சாதாரணச் சிப்பாய், பெயர் ஐயாறப்பன். அந்தக் கோட்டையில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. சாதாரணச் சிப்பாய் ஊருக்குப் போகக் கூடாது, பெண்சாதி பிள்ளையைக் கோட்டைக்கு அழைத்துக்கொள்ளவும் கூடாது. பத்துப் பேருக்குத் தலைவனானால்தான் இரண்டும். ஐயாறப்பன் ஊரை விட்டு வரும்போது அவன் மனைவி வடிவம்மைக்கு ஏழு மாதம். பிறந்தது பெண் என்று கேள்விப்பட்டான். அந்தக் குழந்தைக்கு இப்போது ஆறு வயது. முகம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது.

சபை கூடியது. சேனாபதி எழுந்தார்.

"பரீட்சை இதுதான். நூறு பாட்டு மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். பிறகு யானைக்குன்றின் உச்சிக்கு ஓடி, அங்கே நட்ட கொடியை எடுத்து வர வேண்டும்."

புஜங்கன் மளமளவென்று நூறையும் கொட்டினான். ஐயாறப்பன் கைகட்டி நின்றான்.

"எனக்குப் பாட்டுத் தெரியாதுங்க. எழுத்துக் கூட்டிப் படிப்பேன்."

"எழுத்துக் கூட்டியா! நீ கூட்டி முடிக்கிறதுக்குள்ளே எதிரி நம்ம அடுப்பிலே பொங்கலே வைத்துவிடுவானே!" என்றார் சேனாபதி.

சபையே சிரித்தது. ஐயாறப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் போகாமல் அங்கேயே நின்றான்.

மந்திரி திருவம்பலர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல எழுந்தார்.

"மகாராஜா, படிப்பையும் ஓட்டத்தையும் ஒரே பரீட்சையாக வைத்துவிடலாமே? தங்களுக்கும் சாப்பாட்டு நேரம் தப்பாது."

ராஜாவுக்கு ஏற்கெனவே பசி. "வையும், வையும்!" என்றார்.

மந்திரி இரண்டு ஓலை எழுதினார். இரண்டிலும் ஒரே வாசகம். ஆளுக்கு ஒன்று கொடுத்து, "இது ராஜ கட்டளை. இதில் உள்ளபடி செய்துவிட்டு வாருங்கள்" என்றார். முரசு முழங்கியது.

புஜங்கன் ஓலையை இடுப்பில் செருகிக்கொண்டு குன்றைப் பார்த்துப் பிடித்தான் ஓட்டம். ஐயாறப்பன் நகரவில்லை. விரல் வைத்து, உதடு அசைய, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான்.

"கட்டெறும்பு ஊருகிறது பாருங்கள்!" என்று சேனாபதி கைகொட்டினார்.

திடீரென்று ஐயாறப்பன் தலை நிமிர்ந்தான். குன்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நேர் எதிர்த்திசையில் காற்றாய்ப் பறந்தான்.

"போயே போய்விட்டான்! ஊருக்கு ஓடிவிட்டான்!" என்று சபையில் கூச்சல் எழுந்தது.

கொஞ்ச நேரத்தில் அவன் வியர்வை சொட்டத் திரும்பி வந்து நின்றான். பின்னாலேயே நகர வாசல் காவலர் இருவர் அலறிக்கொண்டு வந்தார்கள். "மகாராஜா! இந்த மனுஷன் எங்களைத் தள்ளிவிட்டுத் தெற்கு வாசலைச் சாத்திவிட்டான். வெளியே நெல்வண்டியெல்லாம் நிற்கிறது!"

அப்போதுதான் புஜங்கன் கொடியை ஆட்டிக்கொண்டு குன்றிலிருந்து இறங்கி வந்தான்.

"சபாஷ். ஓலையில் என்ன எழுதியிருந்தது?" என்று கேட்டார் ராஜா.

"ஜெயம் உண்டாகட்டும் என்று எழுதியிருந்தது, மகாராஜா."

"எங்கே, படி."

புஜங்கன் ஓலையை விரித்து, கண்ணை மூடிக்கொண்டு, நூறில் முதல் பாட்டை ராகத்தோடு எடுத்தான்.

"இரண்டு வரி ஓலைக்கு இவ்வளவு பெரிய பாட்டா? சிப்பாய், நீ படி."

ஐயாறப்பன் படித்தான். "குன்றின்மேல் எதிரி ஒளிந்திருக்கிறான். ஏறாதே. ஓடிப்போய்த் தெற்கு வாசலைச் சாத்திவிட்டு வா."

மந்திரி சேனாபதி பக்கம் திரும்பினார்.

"நிஜமான சண்டையாக இருந்தால், சேனாபதியாரே, உம்முடைய மச்சினன் திரும்பி வந்திருக்கமாட்டான். வாசலும் திறந்தே கிடந்திருக்கும்" என்றார் மந்திரி.

ராஜா ஐயாறப்பனைக் கிட்டே கூப்பிட்டார். "உனக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் யார்?"

"என் பெண்சாதிங்க."

"பெரிய படிப்பாளியோ?"

"இல்லைங்க. எனக்கு ஓலை எழுதணும்னே எழுத்துக் கற்றுக்கொண்டாள். முதல் வருஷம் வந்த ஓலையிலே ஒரே ஒரு எழுத்துதான். 'வா'. அதைப் படிக்கத் தெரியாமல் கோயில் குருக்களிடம் கேட்டேன். அப்புறம் நாலு எழுத்து வந்தது, பத்து எழுத்து வந்தது. அவள் கற்றுக்கொள்ளக் கொள்ள நானும் கற்றுக்கொண்டேன். என்னாலே வரத்தான் முடியவில்லை."

ராஜா பசியையே மறந்துபோனார். பிறகு சொன்னார்: "பத்துப் பேருக்குத் தலைவன் நீதான். இனி எந்தச் சிப்பாயும் வருஷத்துக்கு ஒரு மாதம் வீட்டுக்குப் போய் வரலாம். இந்தச் சட்டத்தை நான் மாற்றப் பார்த்தாலும், மந்திரியாரே, விடாதீர்."

சேனாபதி நைசாக நகர்ந்தார்.

"எங்கே போகிறீர்? நீரும் மச்சினனும் நாளைக்கே எல்லைக் கோட்டைக்குப் புறப்படுங்கள். புஜங்கன் தன் கையாலே அக்காளுக்கு ஒரு ஓலை எழுதுகிற வரைக்கும் உமக்கும் வீடு கிடையாது."

"மகாராஜா, அது எத்தனை வருஷம் ஆகுமோ!"

"அது வாத்தியாரைப் பொறுத்தது. வாத்தியார் நீர்தான்!"

சபை சிரித்த சிரிப்பில் முரசே அதிர்ந்தது.

மந்திரி ஐயாறப்பன் தோளைத் தொட்டார். "ஓலை எழுதிக் கொடுப்பா. உன் ஊர்ப் பக்கம் போகும் வண்டியில் கொடுத்தனுப்புகிறேன்."

"வண்டி போய்ச்சேர ஏழு நாள் ஆகுமே ஐயா" என்று வேட்டியை மடித்துக் கட்டினான் ஐயாறப்பன். "நான் ஓடினால் மூணு நாள்தான்."

சொல்லி முடிக்கும்போதே அவன் சாலையில் இருந்தான். தூரத்துக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டுச் சாமி விளக்கின் முன்னால் கைகூப்பி நிற்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் அப்படி ஒரு கால் ஓடி வரட்டும்.