பூஜ்யம் வைத்த இடம்

இந்தக் கதையில் வரும் குருவுக்குத் தாடி இல்லை, ஆசிரமம் இல்லை. ஒரு ஸ்கூட்டரும் ஒரு கறுப்புப் பையும் உண்டு. பெயர் கோகிலவாணி. திருப்பூரில் ஒவ்வொரு பனியன் கம்பெனியாகப் போய், அங்குள்ள பாய்லர் விடும் புகையைச் சோதித்து, எரிவதைச் சரிசெய்து கொடுப்பது அவர் தொழில்.

சீடர் ஆறுச்சாமி. குருவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். 'மேடம்' என்று கூப்பிட அவருக்கு நாக்கு வரவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட மனசு வரவில்லை. அதனால் 'அம்மிணி' என்றார். குரு அவரை 'அண்ணா' என்றார். யார் யாருக்குச் சொல்லிக்கொடுப்பது என்ற பேச்சு அதோடு முடிந்தது.

ஆறுச்சாமி ஓரிடத்தில் உட்கார மாட்டார். டீயை நின்றபடி குடிப்பார், அதிலும் பாதியை வைத்துவிடுவார். பஸ் நிறுத்தத்தில் நின்றால் நாலடி முன்னே போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவார். என்னவோ அவர் பார்த்தால்தான் பஸ் கிளம்பும் என்பதுபோல.

இருபது வருடத்துக்கு மேல் ஒரே பனியன் கம்பெனியில் பாய்லர் பார்த்தவர் அவர். தினமும் தலைவலியோடு வீட்டுக்கு வந்தவரை, மனைவி ரங்கநாயகிதான் அழுது அடம்பிடித்து அந்த வேலையை விடவைத்தாள். விட்ட பிறகுதான் வினை தொடங்கியது.

வீட்டில் இரைச்சல் இல்லை, வெக்கை இல்லை, ஷிப்ட் இல்லை. தலைவலியும் போய்விட்டது. கூடவே தூக்கமும் போய்விட்டது. கிரைண்டரில் வெறும் தண்ணீரை ஊற்றி ஓடவிட்டு, அதன் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்தார்.

"இனி அதுகூடவே குடித்தனம் பண்ணுங்" என்று சொல்லிவிட்டு ரங்கநாயகி அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

சண்டைக்குக் காரணம் கிடைக்காத நாளில் சாம்பாரில் தேடினார். உப்பு ஏன் சரியாக இருக்கிறது என்று பெண்டாட்டியிடம் கோபித்துக்கொண்டவர் இந்த ஜில்லாவிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். இப்படி வீட்டில் இருக்க முடியாமல்தான் கோகிலவாணியிடம் தொழில் பழகச் சேர்ந்தார்.

கறுப்புப் பைக்குள் இருந்தது புகை மீட்டர். ஒரு கையில் அடங்கும். அதிலிருந்து ரப்பர் குழாய் ஒன்று போகும், குழாயின் முனையில் நீளமான எஃகுத் தண்டு. தண்டைப் புகைபோக்கியின் துளையில் செருகினால் மீட்டருக்குள் இருக்கும் சின்ன மோட்டார் புகையை உறிஞ்சும். அதில் ஆக்சிஜன் எவ்வளவு, கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று திரை சொல்லும். மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. எரிவது சரியில்லையென்றால் அது உண்டாகும். அறைக்குள் சேர்ந்தால் முதலில் தலைவலி தரும், அப்புறம் ஆளையே கொன்றுவிடும்.

குரு எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கேட்டுக்குப் பக்கத்தில், வெட்டவெளியில் நின்றுதான் மீட்டரை ஆன் செய்வார். எண்கள் கொஞ்ச நேரம் தடுமாறும். மோனாக்சைடு பூஜ்யத்தில் நின்ற பிறகே உள்ளே கால் வைப்பார். வேலை முடிந்ததும் மறுபடி வெளியே வந்து, மோட்டாரை ஓடவிட்டுக் காத்திருப்பார். உறிஞ்சிய புகையெல்லாம் கழிந்து எண்கள் அடங்கும்வரை அணைக்க மாட்டார். அதற்குப் பிறகு புகையிலிருந்து வடிந்து மீட்டரின் குப்பியில் தேங்கிய தண்ணீரைக் கொட்டுவார். வடிகட்டி கறுத்திருந்தால் மாற்றுவார்.

இப்படிக் காத்திருப்பதுதான் ஆறுச்சாமியால் ஆகாத காரியம்.

"அணைச்சுப் பையில போட்டா, போற வழியில தானா சரியாயிருமுங் அம்மிணி."

"ஆகாதுங்ணா."

"அதுக்குன்னு வெயில்ல சும்மா நிக்கறதுங்களா?"

"நாம நிக்கலீங்ணா. அதுதான் நிக்குது. நாம கூட இருக்கறோம்."

இது என்ன பதில் என்று ஆறுச்சாமி முணுமுணுத்துக்கொண்டே கேட் வரை நடந்துவிட்டு வருவார்.

ஒருநாள் அவருடைய பழைய கம்பெனியிலிருந்தே அழைப்பு வந்தது. பாய்லரைச் சோதிக்க வேண்டும். அதற்கு முந்தின நாள் அந்தக் கம்பெனி மேனேஜர் ஆறுச்சாமிக்குத் தனியாகவும் போன் செய்திருந்தார். இப்போது பாய்லர் பார்க்கிற தேவராசு அடிக்கடி உடம்புக்கு முடியவில்லை என்று லீவு போடுகிறான், நீங்களே திரும்பி வந்துவிடுங்கள், நாளைச் சாயங்காலத்துக்குள் முடிவு சொல்லுங்கள் என்றார்.

ஸ்கூட்டரில் போகும்போது ஆறுச்சாமி இதைக் குருவிடம் சொன்னார்.

"வூட்ல சொன்னீங்களா?" என்றார் குரு.

"சொன்னா அவ அண்ணன் வூட்டுக்குப் போயிருவாளுங். மறுக்கா அந்தப் பாய்லர்கிட்டப் போனா நான் இங்க இருக்க மாட்டேன்னு முன்னமே சொல்லிப்போட்டா."

"அப்புறம்?"

"என்னமோ தெரியலீங் அம்மிணி. வூட்ல ஒரு குறையுமில்ல. நல்ல சோறு, நல்ல காத்து, திட்டறதுக்கு ஆளில்லை. ஆனா இருப்புக் கொள்ள மாட்டேங்குது. எதையோ தொலைச்சுப்போட்ட மாதிரியே இருக்குது. குறையே இல்லாத எடத்துல எனக்கு எதுக்குங் இப்படிக் குறையாத் தெரியுது?"

குரு ஒரு லாரிக்கு வழிவிட்டார்.

"பையை நல்லாப் புடிங்ணா. ஆடுது."

கேள்வி கேட்ட சீடனுக்கு இப்படிப் பதில் வருவது உலகத்தில் புதிதில்லை. இருந்தாலும் ஆறுச்சாமிக்குக் கோபம் வந்தது. மீதி வழி முழுக்கப் பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு வந்தார்.

கம்பெனியின் சைக்கிள் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டு குரு சொன்னார்.

"இது நீங்க பாத்த பாய்லர்தானுங்ணா. இன்னைக்கு நீங்களே பாத்துட்டு வாங். நான் இங்க இருக்கறேன்."

தனியாகச் செய்யும் முதல் சோதனை. ஆறுச்சாமி ஏறக்குறைய ஓடினார்.

பாய்லர் அறையின் கதவைத் தள்ளியதும் அந்த வெக்கை முகத்தில் அடித்தது. ஊதுவிசிறியின் இரைச்சல் காதை நிறைத்தது. ஆறுச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. பல மாதங்களாக ஏறியே இருந்த தோள்கள் இறங்கின. மூலையில் கிடந்த பழைய ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆமாம், உட்கார்ந்தார்.

அப்புறம் மடியில் வைத்தே மீட்டரை ஆன் செய்தார்.

வெளியே ஆன் செய்திருக்க வேண்டும். அவசரத்தில் மறந்துபோனது. ஞாபகம் வந்திருந்தாலும் திரும்பிப் போயிருப்பாரா என்பது சந்தேகம். அதெல்லாம் பாய்லர் அறைக்குப் பழகாதவர்கள் செய்கிற ஏற்பாடு என்றுதான் அவர் மனதுக்குள் ஓர் எண்ணம். இது அவர் இருபது வருடம் மூச்சுவிட்ட காற்று. இதற்கு என்ன குறை?

எண்கள் தடுமாறின. பூஜ்யத்தில் நின்றன.

தண்டைப் புகைபோக்கியில் செருகிப் பார்த்தார். மோனாக்சைடு கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தது. காற்றுவழியைச் சற்றுத் திருகிச் சரிசெய்தார்.

சுவரோரம் சாய்ந்து நின்றிருந்த தேவராசு மெல்லப் பக்கத்தில் வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணா, இந்த ரூமுக்குள்ள ஏதாச்சும் கேஸ் நிக்குதான்னு பாத்துச் சொல்லுங். தலை வெடிக்குது. நேத்து ரெண்டுவாட்டி வாந்தி. வூட்டுக்குப் போனாச் சரியாயிருது."

ஆறுச்சாமி தண்டை வெளியே எடுத்து அறையின் நடுவில் உயர்த்திப் பிடித்தார். எண் இறங்கிக்கொண்டே வந்து அடங்கியது.

"பாத்துக்க. பூஜ்யம்."

"அப்ப இந்தத் தலைவலி?"

"எனக்கும் இருந்துதடா. பாய்லர் வேலைன்னா அது கூடப் பொறந்தது. மோர் வாங்கிக் குடி."

தேவராசு மறுபடி சுவரோரம் போய்ச் சாய்ந்துகொண்டான்.

ஆறுச்சாமி மீட்டரை ஓடவிட்டபடியே வெளியே வந்தார். நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

"அம்மிணி, முடிவு பண்ணிட்டனுங். நான் இங்கயே வந்தர்றேன். உள்ள போனதுக்கப்புறந்தான் எனக்கு மூச்சே வந்துது. மனசு அப்படியே அடங்கிப்போச்சுங்."

"வேலை முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுதுங். ஆனா பாருங், மெசினு கெட்டுப்போச்சு. உள்ள ஒழுங்கா இருந்துது. இங்க வந்ததும் மைனஸ் காட்டுது. பூஜ்யத்துக்குக் கீழ எழுபது! இத்தனை நல்ல காத்துல குறை சொல்லுது பாருங், இது என்ன மெசினுங்?"

மீட்டரின் முதுகில் இரண்டு தட்டு தட்டினார். அது மைனஸிலேயே இருந்தது.

குரு திரையைப் பார்த்தார்.

"எங்க வச்சுங்ணா ஆன் பண்ணுனீங்?"

"உள்ளதானுங்."

"உள்ள இப்ப யாரு இருக்கறாங்?"

"தேவராசு. தலைவலின்னு..."

குரு ஓடினார். அவர் ஓடி ஆறுச்சாமி பார்த்ததேயில்லை. பின்னால் இவர் போய்ச் சேர்வதற்குள் பாய்லருக்கு வரும் கேஸ் வால்வை மூடியிருந்தார், கதவுகளை விரியத் திறந்திருந்தார், தேவராசுவின் கையைத் தன் தோளில் போட்டு வாசலுக்கு வந்திருந்தார். தேவராசுவின் கால் பின்னியது. ஆறுச்சாமி மறுபக்கம் தாங்கிக்கொண்டார். சைக்கிள் ஸ்டாண்டில் உட்காரவைத்ததும் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

குரு மீட்டரை அணைத்தார். அந்த வெட்டவெளியில் மறுபடி ஆன் செய்தார். எண்கள் தடுமாறி, பூஜ்யத்தில் நின்றன.

"இப்பப் போங்ணா. வாசப்படி வரைக்கும் போனாப் போதும்."

ஆறுச்சாமி தண்டை முன்னால் நீட்டிக்கொண்டு போனார். வாசற்படியில் எண் ஏறத் தொடங்கியது. பத்து, இருபத்தைந்து, நாற்பது. பாய்லர் அணைந்து, கதவுகள் திறந்து கிடந்தும் ஏறியது. திரும்பி வந்தார்.

"பாய்லருக்குப் பின்னாடி புகைக்குழாய் ஜாயிண்டு வெலகியிருக்குமுங்" என்றார்.

"எப்பருந்துங்ணா?"

"அது எப்பவுமே அப்படித்தானுங். நான் வேலைக்குச் சேந்த நாள்லருந்தே."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கை தானாக நெற்றிக்குப் போனது.

மேனேஜர் பதறிக்கொண்டு வந்தார். தன் காரிலேயே தேவராசுவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு ஆறுச்சாமி, "மோர் குடின்னு சொல்லிப்போட்டனே, மோர் குடின்னு சொல்லிப்போட்டனே" என்று அழுதார். தேவராசுதான் உள்ளேயிருந்து அவர் கையைத் தட்டிக்கொடுத்தான்.

"ஜாயிண்டை மாத்திரலாமுங்" என்றார் மேனேஜர், காரில் ஏறும்போது. "ஆனா நீங்க வந்தர்றீங்கதானே? போயிட்டுக் கூப்பிடறேன், ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்."

கார் போய்விட்டது. குரு மீட்டரை ஸ்கூட்டர் சீட்டின்மேல் வைத்தார். மீட்டருக்குள் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஆறுச்சாமி கேட் வரை நடக்கவில்லை. பக்கத்திலேயே நின்றார்.

"அப்ப மெசினு கெடலீங்களா அம்மிணி?"

"இல்லீங்ணா. கண்ணு முழிச்சதும் அதுக்கு நீங்க காட்டுனது அந்தக் காத்து. அதுதான் நல்ல காத்து, அதுதான் பூஜ்யம்னு எடுத்துக்கிச்சு. அது மேல என்ன தப்பு?"

"அதனாலதான் உள்ள இருந்தப்ப அடங்கி இருந்துதா?"

"ஆமாங்ணா."

"வெளிய வந்தப்ப..."

திரையில் எண் இரண்டுக்குப் போனது, ஐந்துக்கு ஏறியது, மூன்றுக்கு இறங்கியது.

சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். மேனேஜர். கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"அம்மிணி."

"சொல்லுங்ணா."

"இது கொஞ்ச நேரந்தான் உள்ள இருந்துது. இருவது வருசம் உள்ளயே கெடந்த மெசினா இருந்தா, வெளிய எத்தனை நாளைக்குங் வெக்கோணும்?"

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"அது எனக்குத் தெரியலீங்ணா" என்றார் குரு. "தடுமாறுதேன்னு பயந்துட்டு, மறுக்கா உள்ள தூக்கிட்டுப் போயிரக் கூடாது. அது மட்டுந்தான் தெரியும்."