இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

இங்கிலாந்தில் ஒரு சிற்றூர். அங்கே ஒரு பழைய பதிவறை. இது நடந்து நூறு வருஷமாவது இருக்கும். அந்தப் பதிவறையில் சிவப்பு அட்டை போட்ட கனத்த வம்சாவளிப் புத்தகம் ஒன்று இருந்தது. வட்டாரத்துப் பெரிய குடும்பங்களின் பூர்வோத்திரமெல்லாம் அதற்குள் அடக்கம். யாராவது வந்து திறந்துவிட்டால் போதும், அதற்குத் தலைகால் புரியாது.

அதன் முதுகுக்குள் ஒரு தோல் துண்டு ஒட்டிக்கிடந்தது. காகிதம் பரவாத காலத்தில் வழக்குகளை ஆட்டுத்தோலில்தான் எழுதுவார்கள். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தப் புத்தகத்தைத் தைத்தவன், முதுகு விறைப்பாக நிற்கட்டும் என்று ஒரு பழைய வழக்குச் சுருளிலிருந்து நறுக்கி ஒட்டிவிட்டான். மிச்சச் சுருளை என்ன செய்தானோ, அந்தப் பாவிக்கே வெளிச்சம்.

துண்டில் இருந்தது ஒரே ஒரு வழக்கு. ஆலிஸ் என்ற நெசவுக்காரியின் புருஷன் செத்ததும், பண்ணை அதிகாரி நிலத்தைப் பிடுங்க வந்தான். அவள் பிள்ளை வில்லியம் செத்தவனுக்குப் பிறந்ததே இல்லை என்றான். ஆலிஸ் சபை நடுவில் நின்று, "நான் பெத்த பிள்ளை. உழவன் ராஜர் பெல்லிங்குக்குப் பெத்த பிள்ளை" என்றாள். பன்னிரண்டு பேர் ஆமென்று சத்தியம் செய்தார்கள். எழுத்தர் எழுதி முடித்ததும் அவள் கிட்டே வந்து தோலைத் தொட்டுப் பார்த்தாள்.

"எழுதியாச்சா ஐயா? இனி யாரும் மாத்த முடியாதே?"

"முடியாதும்மா. போய்ட்டு வா."

அந்தப் பேச்சைத் தோல் துண்டு அறுநூறு வருஷமாக மறக்கவில்லை.

ஆனால் சிவப்புப் புத்தகத்தின் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வேறு கதை சொன்னது. வில்லியம் பெல்லிங்கின் தாய் இஸபெல் சீமாட்டி, தகப்பன் சர் ஹ்யூ பிரபு! பின்னால் வந்த பெல்லிங் ஒருவனுக்குப் பணம் சேர்ந்தது; உழவன் பேரன் என்று சொல்லிக்கொள்ள வாய் கூசியது. வம்சம் எழுதும் பண்டிதர் ஒருவரை வீட்டுக்கு வரவழைத்தான். அவர் பத்து நாள் வாத்து வறுவல் சாப்பிட்டார், பதினோராம் நாள் சீமாட்டியைக் கண்டுபிடித்தார்.

"அது பொய்டா. உனக்குத் தெரியாதா?" என்று தோல் துண்டு தினமும் சொல்லும்.

"சும்மா கிட கிழடே. நான் அச்சில் வந்தவன். நீ கந்தல்."

"நான் போயிட்டா ஆலிஸ்னு ஒருத்தி இருந்தாள்னு சொல்ல ஆளே இல்லைடா!"

"அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டது புத்தகம்.

அந்தச் சமயத்தில்தான் வினிஃப்ரெட் பெல்லிங் வந்து சேர்ந்தாள். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, அந்தக் குடும்பத்தில் மிஞ்சிய கடைசி ஆள். பதிவறையில் மைப்பேனா கூடாது, ஆகவே கையில் ஒரு பென்சில். அந்தப் பென்சிலுக்கு எல்லாம் கேட்கும். ஆனால் அவள் விரல் நகர்ந்தால்தான் அதற்குப் பேச்சு.

வினிஃப்ரெட் கணக்குப் போட்டாள். இஸபெல் சீமாட்டி செத்தது 1325 என்று கல்லறையிலேயே வெட்டியிருக்கிறது. வில்லியம் பிறந்தது 1331.

"செத்து ஆறு வருஷம் கழிச்சுப் பிள்ளை பெத்தாளா மகராசி?" என்றது பென்சில். "ஐயா சிவப்பு அட்டை, உங்களுக்கு இதை யார் சொன்னது?"

"பச்சை அட்டைப் புத்தகத்திலும் இருக்கிறதே, போய்ப் பார்!"

பென்சில் பச்சை அட்டையைக் கேட்டது. "நான் அவரைப் பார்த்துத்தானே எழுதினேன்!" என்றது அது. வினிஃப்ரெட் நோட்டில் தாயின் பெயருக்கு நேரே கேள்விக்குறி போட்டாள்.

இருபத்திரண்டு வருஷம் அந்தக் கேள்விக்குறியோடு அலைந்தாள். சீமாட்டியாக இருக்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இல்லை. யாராயிருந்தாலும் சரி, பெற்றவள் பெயர் வேண்டும்.

ஒருநாள் புத்தகத்தை மூடும்போது முதுகு பிளந்தது. உள்ளே பழுப்பு மையில் ஏதோ கோடுகள். தோல் துண்டு உயிர் போகக் கத்தியது. வினிஃப்ரெட்டுக்கு அது கேட்கவில்லை. ஆனால் அவள் குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"கிளெமென்ட் சார்," என்று காப்பாளரைக் கூப்பிட்டாள். "முதுகு விட்டுப்போச்சு. உள்ளே எழுத்து மாதிரி தெரியுது. பத்திரமா எடுத்துத் தரச் சொல்லுங்க."

"நல்ல வேளை சொன்னீங்கம்மா. நான் பார்த்துக்கிறேன்."

அவர் நல்ல மனுஷர்தான். சாயங்காலம் பைண்டருக்கு அனுப்பும்போது ஒரு சீட்டு எழுதிச் செருகினார்: 'முதுகு உடைந்துள்ளது. சரிசெய்யவும்.'

வழியில் தோல் துண்டு சீட்டைக் கேட்டது. "என்னைப் பத்தி ஒண்ணும் எழுதலையா?"

"இடம் இருந்துச்சு. அவர் எழுதலை" என்றது சீட்டு.

பைண்டர் ஜாப்சன் தோல் துண்டை நிதானமாக உரித்தெடுத்தார். முந்நூறு வருஷம் கழித்து அதன்மேல் வெளிச்சம் பட்டது. "ஆலிஸ், வந்துட்டேம்மா!" என்று அது பூரித்துப் போனது.

ஜாப்சன் புத்தகத்தைப் புரட்டினார். பெல்லிங் வீட்டார் தலைமுறை தலைமுறையாக விரல் வைத்துக் காட்டிக் காட்டி, இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் நைந்து போயிருந்தது. நைந்த தாளுக்குத் தோலைக் கொதிக்கவைத்து இறக்கிய கஞ்சியைத் தடவுவது பைண்டர்கள் வழக்கம்.

"நல்ல பழைய தோல்" என்று சொல்லி அவர் துண்டை வெந்நீரில் போட்டார்.

பழுப்பு மை கரையத் தொடங்கியது. சிவப்புப் புத்தகம் பார்த்துக்கொண்டே இருந்தது.

"கிழடே... அவள் பேர் என்ன சொன்னே?"

"ஆலிஸ்" என்றது துண்டு. அதற்குமேல் அதற்கு எழுத்து இல்லை.

ஜாப்சன் கஞ்சியைத் தூரிகையில் தொட்டு, இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் முழுக்கத் தடவினார். ஆலிஸ், ஆலிஸ் என்று சொல்லப் பார்த்தது புத்தகம். தாய் என்று அச்சடித்த பேரைத் தவிர வேறு பேர் அதன் வாயில் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து வினிஃப்ரெட் புது உடுப்புப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"தோல் துண்டா?" கிளெமென்ட் நெற்றியைச் சுருக்கினார். "அடடா... அதை எழுத மறந்துட்டேன் போலிருக்கே. கழிவு எதையும் ஜாப்சன் வச்சிருக்கிறதில்லையேம்மா."

வினிஃப்ரெட் உட்கார்ந்துவிட்டாள். "நான்தான் சொன்னேன். வாயை மூடிக்கிட்டு நானே எடுத்துப் பார்த்திருக்கக் கூடாதா?" என்று தன்னையே நொந்துகொண்டாள்.

பென்சிலை எடுத்துக் கேள்விக்குறியை அழித்தாள். அந்த இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதினாள். எழுதும்போது அவள் இடது கை இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின்மேல் இருந்தது.

கிளெமென்டுக்குப் பாவமாக இருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று அந்தத் தாளை விரலால் சுண்டிப் பார்த்தார்.

"வேலை மட்டும் சுத்தம்மா. உங்க சீமாட்டி பக்கம் எவ்வளவு கெட்டியா இருக்கு பாருங்க. இன்னும் முந்நூறு வருஷம் தாங்கும்."