மாமியார் ஊட்டிய அவரை

குளக்கரைப் புதரில் ஒரு காட்டுப்பன்றிக் குடும்பம் இருந்தது. அந்தக் கோடையில் மலைமேல் கிழங்கெல்லாம் கருகிவிட்டதால், சடையன் என்ற பன்றி தன் மனைவி தவிட்டியையும் குட்டிகளையும் கூட்டிக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தான். அது தவிட்டியின் தாய்வீடு. நடந்து வந்த அலுப்பு ஒரு பக்கம், மாமியார் வீட்டில் வந்து விழுந்துவிட்டோமே என்ற கூச்சம் ஒரு பக்கம்.

கரையெங்கும் அவரை காய்த்துக் குலுங்கியது. ஒவ்வொரு கொட்டையும் நாவல்பழம் அளவு! வாடிப்போயிருந்த குட்டிகள் அதைத் தின்று கொழுகொழுவென்று ஆயின. தவிட்டியின் உடம்பில் மினுமினுப்பு ஏறியது. படுத்தே கிடந்த மாமனார்கூட எழுந்து மண்ணைக் கிளறினார். நல்ல தீனிதான், குறை சொல்வதற்கில்லை.

சடையனுக்கு மட்டும் ஆகவில்லை. தின்ற மறுநாளே கண் மஞ்சளாயிற்று. சிறுநீர் கறுத்துப் போனது. கொஞ்சம் நடந்தாலே மூச்சு இரைத்தது.

"என்ன மாப்பிள்ளே, இப்படி வெளுத்துட்டீங்க! அவரை சாப்பிடுங்க, ரத்தம் ஊறும்!" என்றாள் மாமியார்.

"வேண்டாம் அத்தை..."

"ஏன், எங்க வீட்டுச் சாப்பாடு பிடிக்கலையா?"

அதற்குமேல் எந்த மாப்பிள்ளை வாய் திறப்பான்? சடையன் தலையைக் குனிந்துகொண்டு தின்றான். தின்றதால் படுத்தான். படுத்ததால் மாமியார் இன்னும் அள்ளிக்கொண்டு வந்தாள்.

இடையில் மாமியார் தன் தங்கையைப் பார்க்க அக்கரைக்குப் போனாள். சடையன் கோரைக்கிழங்கை மட்டும் கடித்துக்கொண்டிருந்தான். மெல்ல எழுந்து நடமாடினான். திரும்பி வந்த மாமியாருக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

"பார்த்தீங்களா! நான் கொடுத்த அவரை வேலை செய்யுது!" என்று மறுபடி குவித்துவிட்டாள்.

"உங்களுக்கு இது ஒத்துக்கலைங்க. அம்மாகிட்ட நான் சொல்றேன்!" என்றாள் தவிட்டி.

"வேண்டாம் விடு. மனசு சங்கடப்படுவாங்க."

உண்மையில் அவனுக்கு விளக்கம் சொல்லவே தெம்பில்லை. தின்றுவிட்டுப் படுப்பதுதான் சுலபமாக இருந்தது. இந்த முறை படுத்தவனுக்குத் தலையைத் தூக்கவே முடியவில்லை. செத்துவிடுவோம் என்று தோன்றியது. அதற்குப் பயப்படக்கூட அலுப்பாக இருந்தது.

அப்போது ஒரு பிணந்தின்னிக் கழுகு வந்து வேலமரத்தில் உட்கார்ந்தது.

"உனக்கு இங்க என்ன வேலை?" என்று சீறினாள் மாமியார்.

"கோபப்படாதீங்க தாயே! நீங்க பாட்டுக்கு ஊட்டுங்க! இன்னும் ஒரு வாய் குடுங்க!" என்றது கழுகு. "உங்க கை ராசியான கை! நடுவுல நீங்க அக்கரைக்குப் போனதுதான் கெட்டுப்போச்சு. இல்லேன்னா எனக்கு எப்பவோ விருந்து முடிஞ்சிருக்கும்!"

மாமியார் அப்படியே நின்றுவிட்டாள். வாயில் கவ்வியிருந்த அவரை கீழே விழுந்தது.

"மாப்பிள்ளே... இந்த அவரையாலதானா?"

"ஆமா அத்தை."

"முதல் நாளே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். நீங்க ஆசையாக் கொண்டு வந்தீங்க. எப்படிச் சொல்றது?"

"நல்லா இருக்குய்யா உங்க மரியாதை! என் பொண்ணு தாலியை என் கையாலேயே அறுக்க வச்சிருப்பீங்களே!" என்று மாமியார் ஓவென்று அழுதாள். பிறகு அவரை முழுவதையும் மூக்கால் அந்தப் பக்கம் தள்ளினாள். கழுகு முணுமுணுத்துக்கொண்டே பறந்து போயிற்று. சடையன் தேறி எழுவதற்கு மழைக்காலமே வந்துவிட்டது.

ஊருக்கெல்லாம் பலம் தரும் உணவும் ஒருவன் உடம்புக்கு நஞ்சாகலாம். ஆகவே ஊட்டுகிறவர் கேட்டு ஊட்ட வேண்டும், உண்கிறவர் கூச்சப்படாமல் மறுக்க வேண்டும்.