முந்நூறாவது ஆணி

கீழப்புளியடியைத் தேடிப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்த ஊர்ப் பெயர்ப்பலகை சாலையைப் பார்த்து இருக்காது, ஊரைப் பார்த்துத்தான் இருக்கும். சொந்த ஊரின் பெயர் சொந்த ஊர்க்காரனுக்கு மறந்துவிடக் கூடாது என்று அப்படி நட்டுவிட்டார்கள். அந்த மகா யோசனையைச் சொன்னவர்கள் மூன்று பேர். இது அவர்கள் கதவு செய்த கதை.

மூத்தவன் மாசானமுத்து, அடுத்தவன் இசக்கியப்பன், கடைசி ஆவுடையப்பன். மூவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அந்த வீட்டுக்கும் ஒரு மூளை இருந்தது. அது மாசானமுத்துவின் மனைவி செண்பகவடிவிடம் இருந்தது.

ஒருநாள் அவள் குளித்துக்கொண்டிருக்கும்போதே குளியலறைக் கதவு பலகை பலகையாகக் கழன்று விழுந்தது. அரைமணி நேரத்தில் பெட்டியோடு வாசலில் நின்றாள்.

"ஆறு மாசமாச் சொல்லுதேன். பன்னெண்டு ஆணி அடிக்க இந்த வீட்டுல ஒரு ஆம்பள இல்ல. கதவு ஒழுங்கா நின்ன பெறகு சொல்லியனுப்புங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டு அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறினாள்.

மாசானமுத்து ஆடிப்போய்விட்டான். அவனுக்குப் பெண்டாட்டி மேல் உயிர். அவள் இல்லாத வீட்டில் அவனுக்குச் சோறும் இறங்கவில்லை. தம்பிகள் பொங்கிய சோறு யாருக்குமே இறங்காது என்பது வேறு விஷயம். மறுநாளே மூவரும் டவுனில் செல்லையா அண்ணாச்சியின் ஹார்டுவேர்ஸ் கடைக்குப் போனார்கள்.

"பலகை எவ்வளவு தடிமன்? அதைப் பாத்துட்டு வாங்க. அதுக்குத் தக்கனதான் ஆணி" என்றார் அண்ணாச்சி.

ஒன்பது மைல் போய், ஒன்பது மைல் திரும்பி வந்தார்கள்.

"பாத்துட்டு வந்தோம் அண்ணாச்சி."

"எவ்வளவு இருந்துச்சு?"

"பாத்துட்டு வரத்தான சொன்னிய? நல்லா மூணு பேரும் பாத்தோம்."

அண்ணாச்சி அனுபவஸ்தர். மேற்கொண்டு கேட்கவில்லை. ஒரு சுத்தியலை எடுத்து மேசை மேல் வைத்து, "பன்னெண்டு ஆணிக்கு இது போதும்" என்றார்.

இசக்கியப்பன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதுல சார்ஜ் எத்தனை மணி நேரம் நிக்கும்?"

"இதுக்கு சார்ஜே வேண்டாம்ப்பா."

"சார்ஜ் இல்லாட்டி எப்படி ஓடும்? எங்களைப் பட்டிக்காட்டான்னு நெனச்சிட்டியளா?"

அதற்கு மேல் அண்ணாச்சி என்ன செய்வார்? ஆணி அடிக்கும் மிஷின்களை வரிசையாக எடுத்து வைத்தார். ஒன்று காற்றுக் குழாயோடு வந்தது, ஒன்று வயரோடு வந்தது. கடைசி மூன்றும் பேட்டரி மிஷின்கள். வயர் இல்லாததைப் பார்த்ததும் ஆவுடையப்பன் அண்ணன்மார் காதில், "எலி கடிச்சுட்டுப் போல. நம்ம தலையில கட்டப் பாக்காரு" என்றான்.

"வயரே கிடையாது. வீட்டு வேலைக்கு அதுதான் சௌகரியம்" என்றார் அண்ணாச்சி. "கையில பிடிச்சுப் பாருங்க. எதைப் பிடிச்சாக் கை வலிக்கலையோ அதை எடுங்க."

ஆளுக்கொன்றாகப் பிடித்தார்கள். ஒரு மணி நேரம் பிடித்தார்கள். மாசானமுத்துவுக்குக் கை வலித்தது. இசக்கியப்பனுக்குத் தோளே கழன்றது. ஆவுடையப்பன் மட்டும், "எனக்குக் கை இருக்கதே தெரியல" என்றான். அவன் பிடித்திருந்ததையே வாங்கினார்கள். இப்படி ஆராய்ந்து சாமான் வாங்குகிறவர்களை நீங்கள் வேறெங்கும் பார்க்க முடியாது.

கிளம்பும்போது அண்ணாச்சி மூன்று விஷயம் சொன்னார். "ஆள் இருக்க பக்கம் நீட்டக் கூடாது. பேட்டரி சூடாகாமப் பாத்துக்கணும். ஒரு சார்ஜுக்கு முந்நூறு ஆணி அடிக்கும்."

பஸ்ஸுக்குள் நாலு பக்கமும் ஆள். மேலே நீட்டலாம் என்றால் கூரையில் வாழைத்தார் கட்டிக்கொண்டிருந்தவர் இருந்தார். ஆகவே நடந்தே ஊர் வந்தார்கள். வந்ததும் பேட்டரியை சார்ஜில் போட்டு, அது சூடாகாமல் இருக்க மூவரும் முறை வைத்து விசிறினார்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வேலை தொடங்கியது. எட்டரைக்குப் பன்னிரண்டு ஆணியும் இறங்கி, கதவு நிமிர்ந்து நின்றது. திறந்தது, மூடியது. யார் செய்த புண்ணியமோ தெரியாது, குறையே சொல்ல முடியாத கதவு. மாசானமுத்து கண் கலங்கிப்போய் மாமியார் வீட்டுக்குப் போன் போட்டான். "மத்தியானம் வாரேன்" என்றாள் செண்பகவடிவு.

அத்தோடு நிறுத்தியிருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

"அண்ணே, முந்நூறு அடிக்கும்னு அண்ணாச்சி சொன்னாரு. பன்னெண்டுதான் அடிச்சிருக்கு" என்றான் இசக்கியப்பன்.

"அதுக்கென்னல?"

"இத்தோட விட்டா அவர் பொய் சொன்ன மாதிரி ஆயிராதா?"

மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள். ஒரு நல்ல மனிதரைப் பொய்யராக்க யாருக்கும் மனசு வரவில்லை. மிச்சம் இருநூற்று எண்பத்தெட்டு ஆணியையும் அடிப்பது என்று தீர்மானமாயிற்று.

பெஞ்சைக் கட்டிலோடு சேர்த்து அடித்தார்கள். முறத்தை உத்தரத்தில் அடித்தார்கள். விளக்குமாறு அடிக்கடி காணாமல் போகும், அதை நிலைக்கதவில் அடித்தார்கள். அரிசி சிந்தக் கூடாது என்று அரிசிப்பெட்டியின் மூடிக்கு மட்டும் அறுபது ஆணி. எண்ணிக்கை இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது ஆனபோது செண்பகவடிவு வந்துவிட்டாள்.

செருப்பை வாசல் மரப்படியில் கழற்றிவிட்டு நேரே குளியலறைக்குப் போனாள். கதவைத் திறந்தாள், மூடினாள். கொஞ்சம் சிரித்தாள். மாசானமுத்துவுக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் போன உயிர் திரும்பி வந்தது. பிறகு அவள் சமையலறைக்குள் போனாள்.

"அரிசிப்பெட்டி ஏன் தொறக்க மாட்டேங்கு? முறம் எங்க? யாருல முறத்தை மேல அடிச்சது?"

மூவரும் மிஷினோடு வாசலுக்கு ஓடி வந்தார்கள். மாசானமுத்துவின் முகம் வெளுத்துப்போயிருந்தது. "மறுபடியும் போயிருவாளோல?"

"மதினி போன தடவை எதைப் போட்டுக்கிட்டுப் போனாவ?" என்று கேட்டான் இசக்கியப்பன்.

"செருப்பை."

மூவரும் படியைப் பார்த்தார்கள்.

"செருப்பு ரெண்டு இருக்கு. ஆணி ஒண்ணுதான் இருக்கு" என்றான் ஆவுடையப்பன். உண்மையில் அவன் கவலை நியாயமானது.

"ஒண்ணு மேல ஒண்ணா வச்சு அடில" என்றான் இசக்கியப்பன். அந்த வம்சத்திலேயே அவன்தான் அறிவாளி.

முந்நூறாவது ஆணி இரண்டு செருப்பையும் துளைத்துப் படியில் இறங்கியது. பேட்டரி விளக்கு அணைந்தது. அண்ணாச்சி சொன்ன வாக்குத் தப்பவில்லை.

செண்பகவடிவு பெட்டியோடு வெளியே வந்தாள். செருப்பை இழுத்துப் பார்த்தாள். மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். சுடுகிற தார்ச்சாலையில் வெறுங்காலோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

"அண்ணே, அங்க போறது மதினி மாதிரி இருக்கே" என்றான் ஆவுடையப்பன்.

"மதினின்னா செருப்புப் போட்டிருப்பாவல்லா?" என்றான் இசக்கியப்பன்.

மாசானமுத்து குனிந்து ஆணியை அசைத்துப் பார்த்தான். அசையவில்லை. நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது.

"அது யாரோ. செருப்பு இங்கதான் இருக்கு, இவ உள்ளதான் இருப்பா."

வீடெல்லாம் தேடினார்கள். எங்கும் இல்லை. குளியலறைக் கதவு மட்டும் மூடியிருந்தது.

"குளிக்கா" என்றான் மாசானமுத்து. தம்பிகள் இருவரும் மரியாதையாகத் திரும்பி நின்றுகொண்டார்கள்.

இன்றோடு நாலு நாள் ஆகிறது. மாசானமுத்து கையில் துண்டோடு கதவுக்கு வெளியே நிற்கிறான். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கதவைத் தட்டிக் காட்டிப் பெருமையாகச் சொல்கிறான்:

"பழைய கதவுல அவ அஞ்சு நிமிசத்துக்கு மேல குளிச்சதே கிடையாது. இப்பத்தான் நிம்மதியாக் குளிக்கா."